சிவப்பு பல்பு வெளிச்சத்தில் பால்சுறாக் குட்டிகள்

காசிமேட்டு ஏலக் கூடத்தில் அன்று விடிகாலை நின்றவர்கள் மூன்று பேர். நான், என் அம்மா தனம், ஹாம்பர்க்கிலிருந்து என்னோடு வந்திருந்த கத்ரின். வராதவர்கள்: விசைப்படகில் கடலுக்குப் போயிருந்த அப்பா, ஏழு மாத வயிற்றோடு வீட்டில் படுத்திருந்த என் தங்கை சுகந்தி, தானும் வருவதாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் இடுப்புப் பிடிப்பைக் காரணம் காட்டித் தங்கிவிட்ட எங்கள் பேராசிரியர். இவர்களைத் தவிர வராமல் போன இன்னொருவர் உண்டு. அவரைப் பார்க்கத்தான் இத்தனை தூரம் விமானம் ஏறி வந்திருந்தோம். அவர் ஒரு முழம்கூட நீளமில்லாத ஓர் இளம் பால்சுறா.

வெளிநாடு போகிறவர்கள் பயணக் கட்டுரை எழுதுவார்கள். நான் வெளிநாட்டிலிருந்து கிளம்பி, திருவொற்றியூரில் என் சொந்த வீட்டுக்கு வேலையாக வந்த கதையை எழுதுகிறேன். ஹாம்பர்க்கும் துறைமுக ஊர்தான். அங்கேயும் ஜன்னலைத் திறந்தால் கிரேன் தெரியும். ஆனால் அங்கே கிரேனை விடுமுறை நாளில் படகேறிச் சுற்றிப் பார்க்கிறார்கள். எங்கள் பக்கம் துணி காயப்போட்டால் கறுப்பாகிறதா இல்லையா என்பதை வைத்துத்தான் துறைமுகத்தை நினைப்போம்.

கத்ரினுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். எங்கள் ஆய்வகத்தில் நெடுங்காலமாக இருக்கும் உதவியாளர். நரைத்த தலை, வலிக்கும் முழங்கால், நடுங்காத கை. மீனின் உடம்பிலிருந்து அரிசியளவு உறுப்பைக் கிழியாமல் எடுக்க அவரைப் போல் அங்கே ஆள் இல்லை. பேராசிரியர் வராததில் எனக்கு வருத்தமில்லாமல் போனதற்கு அதுதான் காரணம்.

எதற்காகச் சுறா என்று சொல்லிவிடுகிறேன். நம் ரத்தத்தில் டி செல் என்ற வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. கிருமி வந்தால் சண்டைக்குப் போவது இவைதாம். இவை ஆளாகிற இடம் தைமஸ் என்ற சுரப்பி. நமக்கு அது நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கிறது. அதற்குள் போகிற இளம் செல்களில் பெரும்பாலானவை வெளியே வருவதில்லை. எதற்கும் உதவாததையும், சொந்த உடம்பையே கடிக்கப் பார்ப்பதையும் அங்கேயே கழித்துவிடும். துறைமுக வாசலில் கன்டெய்னரை ஸ்கேன் பண்ணுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே வித்தியாசம், இங்கே திருப்பி அனுப்புகிற பேச்சே கிடையாது.

இதில் வைட்டமின் ஏ எங்கே வருகிறது? சாப்பாட்டில் வருகிற வைட்டமின் ஏ ஈரலில் சேர்ந்து கிடக்கிறது. உடம்பு அதிலிருந்து தேவைக்குக் கொஞ்சம் எடுத்து ரெட்டினாயிக் அமிலமாக மாற்றிக்கொள்கிறது. இந்த அமிலம் செல்லின் உட்கருவுக்குள் போய்ச் சில மரபணுக்களைத் திறக்கும், சிலவற்றை மூடும். தைமஸில் வளரும் டி செல் எந்த வழியில் போக வேண்டும், பிழைக்க வேண்டுமா வேண்டாமா என்பதில் அதற்கும் ஒரு கை இருக்கிறது. வளர்ந்த பிறகும் விடாது. குடலில் திரியும் டி செல்லிடம், சாப்பாட்டைப் பார்த்தெல்லாம் சண்டைக்குப் போகாதே, அடங்கி இரு என்று சொல்வதிலும் இதற்குப் பங்குண்டு. குறைந்தால் கோளாறு. கூடினாலும் கோளாறு.

தைமஸ் வைத்திருக்கும் உயிர்களில் சுறா மிகப் பழைய வம்சம். அதன் ஈரலோ வைட்டமின் ஏ நிரம்பி வழிகிற எண்ணெய்க் கிடங்கு. அவ்வளவு சரக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதன் தைமஸ் எப்படி அளவு காக்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சிக் கேள்வி. சட்டம் தடுக்காத பால்சுறாவாகப் பார்த்து, கிண்டிப் பக்கம் ஒரு கல்லூரியோடு சேர்ந்து வேலை செய்ய அனுமதி வாங்கியிருந்தோம். ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும். விசைப்படகுகள் இரண்டு மாதம் கரையில் நிற்கும். அதற்குள் மாதிரி கிடைக்கவில்லை என்றால் கோடையோடு என் ஒப்பந்தம் முடியும், பட்டம் இல்லாமல் திரும்பி வர வேண்டியதுதான். பேராசிரியர் இதை மிகவும் மரியாதையாகச் சொல்லியிருந்தார்.

முதல் நாள் ஏலத்தில் பெரிய சுறாக்கள்தாம் கிடந்தன. வயது ஏற ஏறத் தைமஸ் சுருங்கிவிடும், பெரிசு ஆகாது. கத்ரின் ஒவ்வொரு கூறாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். அம்மாவோடு அன்னக்கூடை வைத்து மீன் விற்க உட்காரும் பெண்களுக்குக் கிண்டலுக்கு அது போதுமானதாக இருந்தது. இன்னா தனம், உம் புள்ள வெள்ளக்கார மருமவள இட்டாந்துட்டானா என்று ஒருத்தி கேட்டாள்.

“வயசப் பாருடி,” என்றாள் அம்மா. “மருமவ இல்ல, சம்பந்தி.”

சிரிப்பு அடங்கியதும் கத்ரினுக்கு மொழிபெயர்த்தேன். சம்பந்தி என்ற உறவுக்கு ஜெர்மன் மொழியில் சட்டென்று ஒரு சொல் அகப்படவில்லை. பிள்ளையைப் பெற்றவளுக்கும் பெண்ணைப் பெற்றவளுக்கும் நடுவில் உள்ள முறை என்று விளக்கியதும், அப்படியானால் நான் பெண் பெற்றிருக்க வேண்டுமே என்று கேட்டார். அம்மாவிடம் சொன்னேன். அதனால இன்னா, மெதுவா பெத்துக்கச் சொல்லு என்றாள்.

வெறுங்கையோடு திரும்புகிற வழியில் அம்மா ஒரு வாக்கு கொடுத்தாள். அவளுக்குத் தெரிந்த படகுக்காரர்கள், ஐஸ் ஏற்றுகிறவர்கள் எல்லாரிடமும் சொல்லி வைப்பாளாம். சின்னச் சுறா கண்ணில் பட்டால் எல்லாம் அவள் கைக்கு வரும்.

சாயங்காலம் கத்ரினைப் பர்மா பஜார்ப் பக்கம் அழைத்துப் போய் அத்தோ வாங்கிக் கொடுத்தேன். நூடுல்ஸில் வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், முட்டைக்கோஸ் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். இது எந்த நாட்டுச் சாப்பாடு என்று கத்ரின் கேட்டார். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களோடு வந்தது, இப்போது எங்களுடையது என்றேன். அவர் அம்மாவின் அம்மாவும் போருக்குப் பின் கிழக்கேயிருந்து வண்டி ஏறி வந்தவராம். வந்தபோது கொண்டுவந்தது ஒரு சூப் செய்முறை மட்டும்தான், அதுவும் நன்றாக இருக்காது என்றார். இரண்டாம் தட்டு அத்தோவும் சாப்பிட்டார்.

மறுநாள் காலை கிண்டிக்குப் போனோம். எடுக்கிற தைமஸை அந்த நிமிடமே உறைய வைக்க டிரை ஐஸ் வேண்டும், அது அந்தக் கல்லூரியில்தான் கிடைத்தது. தர்மாகோல் பெட்டியில் நிரப்பிக்கொண்டு மெட்ரோவுக்கு வந்தால், சோதனை மேசையில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தேன். வெள்ளைப் புகை கிளம்பி மேசையிலிருந்து தரைக்கு வழிந்தது. பின்னால் நின்ற வரிசை தானாகவே இரண்டடி தள்ளிப்போனது. கல்லூரிக் கடிதத்தைக் காட்டினேன். காவலர் பொறுமையாகப் படித்துவிட்டு, படிச்ச பிள்ளையா இருக்கீங்க, ஆட்டோவுல போயிடுங்க என்றார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஆட்டோ ராயபுரம் தாண்டும்வரை ஓடியது. அதற்கப்புறம் டிரெய்லர் வரிசை. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் வண்டிகள் கண்ணுக்கெட்டிய வரை நின்றன. டிரைவர்கள் இறங்கி வண்டி நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். எங்கள் ஆட்டோக்காரர் சந்து வழியாக விட்டுப் பார்த்தார், அங்கே ஒரு தண்ணீர் லாரி குறுக்கே நின்றது. பெட்டி குலுங்கிய குலுங்கலில், இருட்டறை வேலைக்கென்று கத்ரின் கொண்டுவந்திருந்த சிவப்பு விளக்கு டிரை ஐஸுக்குள் விழுந்து, அதோடு எரிவதை விட்டுவிட்டது. ஹாம்பர்க்கிலும் இப்படி வரிசை நிற்கும், ஆனால் அங்கே யாரும் பல் துலக்குவதில்லை என்றார் கத்ரின்.

நடுவில் அம்மாவிடமிருந்து போன். மூன்று குட்டிச் சுறா கிடைத்துவிட்டது, அப்போதுதான் பிடித்தது, கண்கூட மங்கவில்லை, வூட்டுக்கு எடுத்துப் போகிறேன், பத்ரமா இருக்கும், நீ மெல்ல வா என்றாள். நான் கத்ரினிடம் சொன்னேன். ஆட்டோவுக்குள் இருவரும் கை குலுக்கிக்கொண்டோம்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அம்மா வாசல் குழாயடியில் அருவாமனையைக் கழுவிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் பெருமை. உள்ளே கூட்டிப்போய் ஒரு தட்டைத் திறந்து காட்டினாள். மூன்று சுறாவும் தலை நீக்கி, செவுள் நீக்கி, தோல் உரசி, துடைத்து வைத்தது போல் இருந்தன. பக்கத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளரில் மூன்று ஈரல், ஒரு கீறல் இல்லாமல்.

“ஈரல்ல கீற சத்துதானே நீ படிக்கிற? பாரு, ஒரு சொட்டு எண்ணெய் வுடல.”

சுறாவுக்குத் தைமஸ் செவுளுக்கு மேலே, தலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தலை எங்கே என்று கேட்டேன். அதுதான் இருப்பதிலேயே கேவலமான பகுதி, விருந்தாளி வந்திருக்கிற வீட்டில் அதையா வைத்திருப்பார்கள் என்று அவள் திருப்பிக் கேட்டாள். இரண்டு தலை தெருப் பூனைகளுக்குப் போயிருந்தது. ஒன்று குப்பை வண்டியில்.

கத்ரின் டம்ளரைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். இவ்வளவு சுத்தமாக ஈரலை எடுத்து நான் பார்த்ததில்லை என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னார். சொன்னேன். அம்மாவுக்கு என் முகத்தைப் பார்த்ததும் ஏதோ தப்பாகிவிட்டது என்று தெரிந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னேன்.

“அஞ்சு வருஷமா போன்ல ஈரலு ஈரலுன்னுதானேடா சொன்ன? செவுளுன்னு ஒரு நாளாவது சொன்னியா?”



மத்தியானம் சுறாப்புட்டு. மீனை வேகவைத்து உதிர்த்துப் பிழிந்து, பூண்டும் பச்சை மிளகாயும் அள்ளிப் போட்டு அம்மா வதக்கியிருந்தாள். யக்கா, இன்னும் கொஞ்சம் துன்னு என்று கத்ரினின் தட்டில் போட்டுக்கொண்டே இருந்தாள். என் ஆராய்ச்சியை உதிர்த்துச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டேன். ருசியாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஈரலை வறுத்துச் சுகந்தியிடம் கொண்டுபோனாள் அம்மா. நான் தடுத்தேன். சுகந்தியும் வேண்டாம் என்றாள். செக்கப்புக்குப் போன இடத்தில் ஈரல், மீன் எண்ணெய் எதுவும் அளவு மீறிச் சாப்பிடக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்களாம். சத்துதானே, சாப்பிட்டா இன்னா என்று அம்மா என்னைக் கேட்டாள். சத்துதான், ஆனால் வயிற்றில் வளர்கிற பிள்ளைக்கு அது சாப்பாடு மட்டுமில்லை, கட்டளையும்கூட என்றேன். எந்த இடத்தில் எவ்வளவு என்பதைப் பார்த்துத்தான் பிள்ளையின் உறுப்பு உருவாகிறது. பத்து பேர் ஒரே நேரத்தில் கத்தினால் கிரேன் ஓட்டுகிறவன் எதைக் கேட்பான்?

சுகந்தி பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தவள். கல்யாணத்துக்குப் பின் நின்றுவிட்டாள். என் ஆராய்ச்சி என்ன என்று எங்கள் வீட்டில் முதல்முறையாக முழுசாகக் கேட்டது அவள்தான். சொன்னேன். தைமஸ், கழிக்கப்படும் செல்கள், அந்த அமிலம், எல்லாம். அவள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

“எம் புள்ளைக்கும் இப்ப அதான் நடந்துகினு கீதாண்ணா?”

ஆமாம் என்றேன். ஏழாம் மாதத்தில் அதன் தைமஸ் முழு வேகத்தில் வேலை செய்துகொண்டிருக்கும். கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொண்டு.

“யார் பாத்துக்கிறது அத?”

யாரும் பார்ப்பதில்லை, அதுவே நடக்கும் என்றேன். அவளுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

அதற்கடுத்த நாள்தான் படகுகளுக்குக் கடைசி நாள். விடிந்தால் வருஷப் பிறப்பு, அதோடு தடை. காலை ஏலத்தில் கூட்டம் நெரிந்தது, விலை எகிறியது. சின்னச் சுறா ஒன்றுகூட வரவில்லை. அம்மா யார் யாரையோ கூப்பிட்டுத் திட்டினாள். மத்தியானம்வரை நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். கத்ரின் பயணப் பையில் துணிகளை மடித்துவைக்கத் தொடங்கினார். பெட்டியில் டிரை ஐஸ் பாதியாகிவிட்டிருந்தது.

வெயில் தாழ்ந்த நேரத்தில் அப்பா வந்தார். ஷேர் ஆட்டோவிலிருந்து ஒரு கோணிப் பையோடு இறங்கினார். படகில் போனவர்களுக்குக் குழம்புக்கென்று ஆளுக்குக் கொஞ்சம் மீன் பங்கு உண்டு. அவர் தன் பங்காகக் கேட்டு வாங்கி வந்தது, கடைசி வலையில் ஏறிய ஒரு பெரிய பால்சுறா. அவரிடம் சுறா என்று மட்டும்தான் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பெரிசா கீதுன்னு கொணாந்தேன் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

பெரிசு உதவாது. அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அம்மா அருவாமனையை எடுத்து வைத்து மீனைப் புரட்டினாள். கட்டை விரலால் வயிற்றை ஒரு அழுத்து அழுத்தினாள். அப்படியே கையை எடுத்துவிட்டாள்.

“புள்ளத்தாச்சிடா இது.”

பால்சுறா முட்டையிடுவதில்லை, வயிற்றில் குட்டி சுமப்பது. பிறக்கப்போகும் குட்டிக்குத் தைமஸ் நன்றாக வளர்ந்திருக்கும். இளம் சுறாவைத் தேடி அலைந்தோம், அதைவிட இளசு இங்கேயே கிடந்தது. கத்ரினிடம் சொன்னேன். அவர் பையிலிருந்து கத்திப் பெட்டியை மறுபடி எடுத்தார்.

அம்மா அருவாமனையை மடித்து ஓரமாக வைத்துவிட்டாள். பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் குட்டி இருக்கும் மீனைக் குழம்புக்கு அறுக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. வயிற்றைத் திறந்து குட்டிகளை மட்டும் கடலில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார்கள், செத்ததானாலும். அவள் அம்மா வீட்டில் அப்படி, எங்கள் வீட்டிலும் அப்படி. செத்துப்போன மீன்தானே என்றேன். தெரியும் என்றாள். என் வேலை போய்விடும் என்றேன். அதுவும் தெரியும் என்றாள். சுகந்திக்கு ஏதாவது ஆனால் நீ வந்து பார்ப்பாயா, ஜெர்மனியில்தானே இருப்பாய் என்று கேட்டாள்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். கத்ரின் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம், நான் பேராசிரியரிடம் பேசிக்கொள்கிறேன் என்றார். பேசினாலும் ஒன்றும் ஆகாது என்பது இருவருக்கும் தெரியும்.

அப்போது சுகந்தி கட்டிலிலிருந்து எழுந்து வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடி கேட்டாள்.

“யம்மா, மார்க்கெட்ல நீ விக்கிற மீனுக்குள்ள குட்டி இருந்துச்சுன்னா இன்னா பண்ணுவ?”

“அது வாங்கினவங்க பாடு. வித்தது வித்ததுதான்.”

“அப்ப இத வித்துடு.”

சுகந்தி தொடர்ந்து, எம் புள்ளைக்கு நடக்கிறத யாரும் பாக்கிறதில்லன்னு அண்ணன் சொல்லுது, இதுலயாவது பாக்கட்டும் என்றாள். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு எழுந்து, மார்க்கெட்டில் உட்காருகிற மாதிரியே காலை மடித்து, சுறாவுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். எவ்வளவு என்று நான் கேட்டேன்.

“உனக்கு இல்ல. வூட்டு ஆளுக்கு வூட்டுக்குள்ள இன்னா யாவாரம்? அந்தக்காவக் கேக்கச் சொல்லு.”

நிபந்தனைகள் இவை. குட்டி எத்தனை இருந்தாலும் ஒன்று கடலுக்கு, மிச்சம் கத்ரினுக்கு. பெரிய மீன் பக்கத்து வீட்டுக்கு. எங்கள் வீட்டு அடுப்பில் ஏறாது. ஒரு குட்டி ஐம்பது ரூபாய். கத்ரின் உடனே சரி என்று தலையாட்டினார்.

அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. “இது யாவாரமா? கேட்டத குடுத்தா அது தானம். வெல பேசச் சொல்லுடா. வெல பேசினாதான் அது சரக்கு. இல்லன்னா அது புள்ள.”

மொழிபெயர்த்தேன். கத்ரின் முழங்கால் வலியோடு மெதுவாகத் தரையில் அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தார். பத்து விரலையும் விரித்துக் காட்டினார். பத்து ரூபாய்க்கு மீன் செதிலுகூட வராது என்று அம்மா சொன்னாள். சுறாவுக்குச் செதில் இருக்கிறதா என்று கத்ரின் கேட்டார். அதை மொழிபெயர்த்ததும் அம்மா அவரை முதல்முறையாக மரியாதையோடு பார்த்தாள். நாற்பது என்றாள். பதினைந்து. முப்பது, தடைக்கு முந்தின நாள் ரேட்டு இது, நாளைக்கு வந்தா கடலே கெடைக்காது. கத்ரின் எழுந்து போகிற மாதிரி பாவனை செய்தார், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. எல்லாரும் சிரித்தோம். குட்டி இருபது ரூபாய்க்கு முடிந்தது. துட்டு அப்பறம், சரக்கு நல்லாருந்தா வாங்கிக்கிறேன் என்றாள் அம்மா.

இன்னொரு சிக்கல் மிச்சமிருந்தது. ரெட்டினாயிக் அமிலம் வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும். பகல் வெளிச்சத்தில் எடுத்தால் அளந்து பிரயோஜனமில்லை. சிவப்பு வெளிச்சத்தில் எடுக்கலாம், ஆனால் எங்கள் விளக்கு ஆட்டோவிலேயே போய்விட்டது. நான் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது ஒன்றே ஒன்று. அலமாரியில் அம்மன் படத்துக்கு முன்னால் இருக்கும் சீரோ வாட் பல்பு.

கேட்கத் தயங்கினேன். அம்மன் முன்னாடி அறுக்கக் கூடாது என்று அம்மா முந்திக்கொண்டாள். பிறகு அவளே ஸ்டூல் போட்டு ஏறி, பல்பைக் கழற்றி, முந்தானையில் துடைத்துக் கத்ரினிடம் கொடுத்தாள்.

“ஒடச்சிடாதக்கா. அம்மனுது.”

வலை போட்டு வைக்கும் பின்னறையில் ஜன்னலுக்குப் போர்வை கட்டினோம். கதவுச் சந்தில் சுகந்தியின் பழைய நைட்டியைச் செருகினோம். சிவப்பு வெளிச்சத்தில் கத்ரின் சுறாவின் வயிற்றைத் திறந்தார். நான்கு குட்டிகள். உள்ளேயே செத்திருந்தன. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். பல்லெல்லாம் வந்துவிட்டிருந்தது. முதலில் ஒன்றை எடுத்து வாழையிலையில் சுற்றிக் கதவடியில் வைத்தார். கடலுக்குப் போக வேண்டியதை முதலில் எடுத்துவைக்கும்படி யாரும் அவரிடம் சொல்லவில்லை.

முதல் குட்டியின் செவுளுக்கு மேல் அவர் கத்தி நுனி போனதும் நான் மாதிரிக் குழாயைத் திறந்து பிடித்தேன். வெந்த அரிசி போல ஒரு சிறு வெள்ளைத் துண்டு. இடது, வலது. உடனே குழாய்க்குள், குழாய் டிரை ஐஸுக்குள். இரண்டாவது குட்டி. அதுவும் சரியாக வந்தது. மூன்றாவதில் இடது பக்கத்தை எடுத்துக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது.

அப்பா. ஈரத் தலையோடு, துண்டோடு, பின்னால் முழு மாலை வெயிலோடு. இன்னாடா இருட்டுல பண்றீங்க, ஃபியூஸ் போச்சா என்று கேட்டார். கையில் டார்ச் வேறு வைத்திருந்தார். உதவி செய்ய நினைத்து அதை நேராக மேசைமேல் அடித்தார். கத்ரின் ஜெர்மன் மொழியில் ஒரு சொல் சொன்னார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை. அப்பாவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு, வெளியே நின்று சாரிம்மா என்றார்.

இருட்டுவதற்குமுன் அம்மாவும் கத்ரினும் வாழையிலைப் பொட்டலத்தோடு கடற்கரைக்குப் போனார்கள். அங்கே மணல் அதிகம் மிச்சமில்லை, அலைக்குப் போட்ட பாறைகள்தாம். எண்ணூர்ப் பக்கப் புகைபோக்கிகளில் விளக்கு எரியத் தொடங்கியிருந்தது. நான் பெட்டியோடு வீட்டிலேயே இருந்தேன். திரும்பி வந்தபோது கத்ரினின் கால்சட்டை முட்டிவரை நனைந்திருந்தது. என்ன பேசிக்கொண்டீர்கள் என்று கேட்டேன். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை என்பதை எனக்கு நினைவுபடுத்தினார்.

பல்பு அலமாரிக்குத் திரும்பியது. அம்மா அதை எரியவிட்டு, கற்பூரம் காட்டினாள்.

வருஷப் பிறப்பன்று பாதிக் கல்லூரி பூட்டிக் கிடந்தது. காவலாளியிடம் சாவிக்குக் காத்திருந்து, உள்ளே போய் முதல் பரிசோதனையை முடிக்க மத்தியானமாகிவிட்டது. இரண்டு குட்டிகளின் தைமஸும் நன்றாக இருந்தன. அமிலம் அளவிடக் கிடைத்தது. டார்ச் வெளிச்சம் பட்ட மூன்றாவதில் அளக்கிற மாதிரி எதுவும் இல்லை. இரண்டு போதுமா என்று கத்ரினைக் கேட்டேன். இரண்டு குறைவு, ஆனால் ஒன்றுமில்லாமல் இருப்பதற்கும் இரண்டுக்கும் நடுவில்தான் ஒப்பந்தம் நீள்கிறதா இல்லையா என்பது இருக்கிறது என்றார். பேராசிரியருக்கு எழுதினோம். நீட்டிக்கலாம் என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. கூடவே இடுப்பு வலி பற்றி நான்கு வரி.

கிளம்புகிற நாள். வீட்டு வாசலில் டாக்சி நின்றது. சுகந்தி ஜன்னலோரம் உட்கார்ந்து, குழந்தை உதைக்கிற இடத்தைக் கத்ரினுக்குத் தொட்டுக் காட்டினாள். கத்ரின் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு பர்ஸிலிருந்து நூறு ரூபாய்த் தாளை எடுத்து அம்மாவிடம் நீட்டினார்.

சரக்கு எப்படி என்று அம்மா கேட்டாள். இரண்டு நன்றாக இருந்தது, ஒன்று வீண் என்றேன். அப்பா வாசலுக்கு வெளியே டாக்சி டயரைப் பார்க்கப் போய்விட்டார்.

கெட்டுப்போன சரக்குக்கு அவள் என்றைக்கும் காசு வாங்கியதில்லை. மூன்றுக்கும் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கத்ரின் கெஞ்சினார். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. இடுப்பில் சொருகியிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, ஒரு ஐம்பதும் ஒரு பத்துமாக மீதியை எண்ணிக் கத்ரினின் உள்ளங்கையில் வைத்து மடக்கினாள்.

எல்லாம் போக, இரண்டு குட்டிக்கு எங்களுக்குச் செலவானது நாற்பது ரூபாய்.